பூமரம் வளர்ப்போம்

ஒவ்வோர் ஆண்டும் ஜூலை மாதம் பிறந்ததும் பள்ளிகளில் மரம் நடு விழா நடைபெறுகிறது. 1950 ஆம் ஆண்டில் அன்றைய மத்திய அமைச்சர் கே. எம். முன்ஷி அவர்கள் வன மகோத்சவம் என்ற பெயரில் இவ்விழாவை நாடெங்கும் தொடங்கி வைத்தார். அன்று முதல் எத்தனையோ கோடிக் கன்றுகள் நடப்பட்டுவிட்டன. குழி தோண்டுகிறோம், கன்றை வைக்கிறோம், நீர் ஊற்றுகிறோம், கை தட்டுகிறோம். ஆனால் அடுத்த பங்குனி மாதத்தில் அந்தக் கன்று எப்படி இருக்கிறது என்று போய்ப் பார்த்தவர் எத்தனை பேர்?

இக்கட்டுரை மரம் நடுவதைப் பற்றி மட்டுமன்று. நட்டதை வளர்ப்பதைப் பற்றியது. எங்கள் தோட்டக் குழு ஒரு மரத்திடம் தோற்று, பின் அதே மரத்திடம் பாடம் கற்றுக்கொண்டது. அந்தப் பாடத்தை மாணவியர், அருட்சகோதரிகள், பெற்றோர் அனைவருடனும் பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

எது பூமரம்?

தை, மாசி மாதங்களில் கொடைக்கானலிலிருந்து பேரிஜம் பக்கம் போகிறவர்கள், புல்வெளியின் ஓரத்தில் கோணல்மாணலாக நிற்கும் குட்டையான மரங்களில் இரத்தச் சிவப்பில் கொத்துக் கொத்தாய்ப் பூத்திருப்பதைக் காணலாம். அதுவே பூமரம். காட்டுப் பூவரசு என்றும் சொல்வார்கள். ஊர்ப்புறங்களில் மஞ்சள் பூப் பூக்கும் பூவரச மரத்துக்கும் இதற்கும் உறவில்லை. அது பருத்தியின் குடும்பம். இது எரிகேசியே என்னும் வேறொரு குடும்பம். தாவர நூலார் இதனை ரோடோடென்ட்ரான் என்பர். கிரேக்க மொழியில் ரோடான் என்றால் ரோஜா, டென்ட்ரான் என்றால் மரம். ஆகவே ரோஜா மரம் என்பது பொருள்.

ஒரு பூவைக் கையில் எடுத்துப் பாருங்கள். மணி போன்ற வடிவம், விளிம்பில் 5 மடல்கள், உள்ளே 10 மகரந்தத் தாள்கள், அடியில் தேன். அத்தேனை நாடிச் சிறு பறவைகளும் தேனீக்களும் வருகின்றன. இலை தடித்துத் தோல் போலிருக்கும். அதன் அடிப்பக்கத்தில் பழுப்பு நிறத்தில் மெல்லிய படலம் படிந்திருக்கும். பட்டை தடித்துப் பிளவுபட்டிருக்கும். புல்வெளியில் தீப் பரவும்போது அந்தப் பட்டையே மரத்துக்குக் கவசம். காற்று, பனி, நெருப்பு மூன்றையும் தாங்கி நிற்பதால்தான் மரம் கோணலாகி நிற்கிறது.

இதில் ஒரு வியப்பும் உண்டு. இதே இனம் இமயமலையில் வளர்கிறது. உத்தரகண்ட் மாநிலத்தின் மாநில மரம் இதுவே. அங்கே புராஞ்ச் என்பார்கள். நேபாளத்தின் தேசிய மலரும் இதுவே. அங்கே லாலி குராஸ். இலங்கையில் நுவரெலியா, ஹோர்ட்டன் சமவெளிப் பகுதிகளிலும் இதன் கிளையினம் ஒன்று உண்டு. ஆனால் இமயமலைக்கும் நம் தென்மலைகளுக்கும் நடுவே சுமார் 2000 கிலோமீட்டர் தொலைவு வெப்பமான நிலம். அங்கே ஒரு பூமரமும் வளராது. உலகம் குளிர்ந்திருந்த பனியூழிக் காலங்களில் இத்தகைய செடிகள் பரவியிருந்தன என்றும், பின் வெப்பம் கூடியபோது குளிர்ந்த மலை உச்சிகளில் மட்டும் தங்கிவிட்டன என்றும் அறிஞர்கள் விளக்கம் கூறுகிறார்கள். அப்படியானால் நம் மலையில் நிற்கும் ஒவ்வொரு பூமரமும் பழங்காலம் நமக்கு விட்டுச் சென்ற சொத்து அல்லவா?

நாங்கள் தோற்ற கதை

முதன்முறை நான்கு கன்றுகள் வாங்கினோம். மூன்றைப் பள்ளி முகப்பில், புதிதாகக் கட்டிய சிமெண்ட் சுவரையொட்டி வரிசையாக நட்டோம். விழாவுக்கு வந்தவர்கள் பார்க்க வேண்டுமே! நான்காவது கன்று சற்று வாடலாக இருந்தது. அதை எறிய மனமின்றி, பழைய தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், சரிவில் இலைச்சருகு குவிந்து கிடந்த இடத்தில் ஊன்றிவிட்டு மறந்துபோனோம்.

அந்த வாரம் காலைச் செபத்தில் காய்க்காத அத்திமர உவமை வாசிக்கப்பட்டிருந்தது. மரத்தை வெட்டிவிடச் சொன்ன தலைவனிடம் தோட்டக்காரர் இன்னும் ஓராண்டு அவகாசம் கேட்கிறார். சுற்றிலும் கொத்தி எருப் போடுவதாகச் சொல்கிறார். எங்கள் பிள்ளைகள் அதை அப்படியே கைக்கொண்டார்கள். வாரந்தோறும் கன்றைச் சுற்றிக் கொத்தினார்கள். கூடை கூடையாகச் சாணியெரு இட்டார்கள். விடுதிச் சமையலறையிலிருந்து அடுப்புச் சாம்பல் கொண்டுவந்து தூவினார்கள். காலையில் ஒரு வகுப்பு ஒரு வாளி, மாலையில் மற்றொரு வகுப்பு ஒரு வாளி என்று நீர் ஊற்றினார்கள்.

கார்த்திகையில் இலைகள் வெளிறின. நரம்பு மட்டும் பச்சையாகவும் இடைப்பட்ட பகுதி மஞ்சளாகவும் மாறியது. சத்துப் போதவில்லை என்றெண்ணி மேலும் எரு இட்டோம். பங்குனிக்குள் மூன்று கன்றுகளும் பட்டுப்போயின.

பெற்றோர் கூட்டத்துக்குப் பூம்பாறையிலிருந்து வந்திருந்த ஒரு தந்தை அவற்றைப் பார்த்தார். அவர் பூண்டு பயிரிடுகிறவர். மண்ணைக் கிள்ளி விரலில் நசுக்கிப் பார்த்துவிட்டு, “சிஸ்டர், இது பூண்டுப் பாத்தி இல்லீங்க. காட்டுச் செடி. இதுக்குச் சாம்பலும் எருவும் போட்டா எப்படிங்க பொழைக்கும்?” என்றார். அப்போதுதான் தொட்டிக்குப் பின்னால் விட்ட நான்காவது கன்று நினைவுக்கு வந்தது. ஓடிப்போய்ப் பார்த்தோம். அது இரண்டு புதிய துளிர்களுடன் நின்றுகொண்டிருந்தது.

சிறுமிகளில் ஒருத்தி அழுதேவிட்டாள். “நாங்க நல்லாப் பாத்துக்கிட்டதுதான் செத்துப் போச்சு. பாக்காம விட்டது உயிரோட இருக்கு” என்றாள். அவள் சொன்னதில் பாதிதான் உண்மை. நான்காவது கன்று பிழைத்தது கவனிப்பின்மையால் அன்று. அதற்கு ஏற்ற இடம் தற்செயலாகக் கிடைத்ததால். மற்றவை இறந்தது அன்பினால் அன்று. அவற்றின் இயல்பை நாங்கள் அறியாததால்.

ஏன் பட்டுப்போயின?

பூமரம் அமில மண்ணை விரும்புவது. அமிலத்தன்மையை அளக்கும் பி.எச். கணக்கில் 7 என்பது நடுநிலை. அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். பூமரத்துக்கு 4.5 முதல் 6 வரை ஏற்றது. சாம்பல் காரத்தன்மை உடையது. சிமெண்டிலும் சுண்ணாம்பு உண்டு. மழைநீர் சுவரில் வழிந்து அதை மண்ணில் சேர்க்கிறது. மண் காரமாக மாறினால், அதில் இரும்புச்சத்து இருந்தும் வேர் அதை உறிஞ்ச முடியாது. இரும்பு இல்லையேல் பச்சையம் உண்டாகாது. இலை மஞ்சளானதன் காரணம் இதுவே. பசித்தவன் முன்னே பூட்டிய பெட்டியில் சோற்றை வைத்தாற்போன்ற நிலை அது.

இரண்டாவது காரணம் வேர். பூமரத்தின் வேர்கள் மயிரிழை போல் மெல்லியவை. மண்ணின் மேற்பரப்பிலேயே படர்பவை. அவற்றோடு ஒருவகைப் பூஞ்சை சேர்ந்து வாழ்கிறது. சத்துக் குறைந்த அமில மண்ணிலிருந்து உணவைப் பெற்றுத் தருவது அப்பூஞ்சை. அதற்கு ஈடாக மரம் தான் தயாரித்த சர்க்கரையைக் கொடுக்கிறது. நாங்கள் களைக்கொட்டால் கொத்தியபோதெல்லாம் இந்த வேர்களை அறுத்தோம். மக்காத எருவின் சூடு மீதியைக் கருக்கியது. அளவுக்கு மீறிய நீர் மண்ணிலிருந்த காற்றை வெளியேற்றி எஞ்சியதை அழுகச் செய்தது.

கன்று எங்கே கிடைக்கும்?

காட்டிலிருந்து பிடுங்கி வரலாகாது. 2013 ஆம் ஆண்டு முதல் இம்மலையின் ஒரு பகுதி கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம். சட்டம் ஒருபுறமிருக்க, காட்டில் பிடுங்கிய கன்று வேரறுந்து பெரும்பாலும் பிழைப்பதுமில்லை. நாட்டு மரங்களை வளர்க்கும் நாற்றங்காலிலிருந்து வாங்குவதே முறை. பூமர விதை தூசி போன்றது. மண்ணில் புதைத்தால் முளைக்காது. ஈரப் பாசியின் மேல் வெளிச்சம் படும்படி தூவ வேண்டும். ஆதலால் விதையிலிருந்து கன்றாக்குவது பொறுமையும் பழக்கமும் வேண்டும் வேலை.

இப்பணியில் நம் மலை பெருமைப்படத்தக்க முன்னோடிகளைக் கண்டிருக்கிறது. 1895 இல் தொடங்கிய செண்பகனூர் திருஇருதயக் கல்லூரியின் இயேசு சபைக் குருக்கள் இம்மலையின் செடிகொடிகளை ஆராய்ந்தார்கள். தந்தை ஆங்லேட் அவற்றை நீர்வண்ண ஓவியங்களாகத் தீட்டினார். தந்தை கே. எம். மாத்யூ பழனிமலைத் தாவரங்களைப் பற்றிய பெருநூலை 1999 இல் வெளியிட்டார். 1980களில் வட்டக்கானலில் குடியேறிய டான்யா பால்கர், ராபர்ட் ஸ்டூவர்ட் இருவரும் சோலை மரங்களின் விதைகளை முளைக்கவைக்கும் வழிகளை ஆண்டுக்கணக்காக முயன்று கண்டறிந்தார்கள். ஒரு செடியின் பெயரை அறிந்தவர், அதை வரைந்தவர், அதை முளைக்கவைத்தவர் ஆகிய அனைவர் உழைப்பும் ஒரு சிறு கன்றுக்குப் பின்னால் இருக்கிறது.

நடும் முறை

1. இடம்: சிமெண்ட் சுவர், சுண்ணாம்புக் குவியல், குப்பை எரிக்கும் இடம் ஆகியவற்றிலிருந்து தள்ளி, நீர் வடியும் சரிவாக இருக்கட்டும். பள்ளமான இடம் ஆகாது. குளிர்ந்த காற்று கனமானது. இரவில் சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தங்கும். உறைபனி முதலில் அங்கேதான் படியும். இளங்கன்றுக்குப் பாதி நிழல் நல்லது.

2. காலம்: ஆனி, ஆடி மாதங்கள். மழையில் வேர் பிடித்து, மார்கழிப் பனிக்குள் கன்று நிலைகொள்ளும்.

3. குழி: ஆழமன்று, அகலமே முக்கியம். பையிலுள்ள வேர்க்கட்டியின் உயரமே குழியின் ஆழம். அதைப்போல் மூன்று மடங்கு அகலம். எடுத்த மண்ணுடன் நன்கு மக்கிய இலைமக்கு கலந்துகொள்க. சாணியெரு, சாம்பல், சுண்ணாம்பு வேண்டா.

4. நடுதல்: பிளாஸ்டிக் பையை முழுவதும் நீக்குக. பையோடு நட்ட கன்று தொட்டிலோடு கட்டிப்போட்ட குழந்தை. சுருண்டிருக்கும் வேர்களை விரலால் மெல்லப் பிரித்துவிடுக. வேர்க்கட்டியின் மேற்பகுதி தரைமட்டத்துக்கு 2 அல்லது 3 சென்டிமீட்டர் மேலாக இருக்கட்டும். மண்ணைக் கையால் அழுத்துக; காலால் மிதிக்காதீர்.

5. மூடாக்கு: பள்ளி வளாகத்தில் உதிர்ந்த இலைச்சருகை 5 முதல் 8 சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்புக. தண்டைத் தொடாமல் நான்கு விரல் இடைவெளி விடுக. ஈரம் காக்கவும், களை அடக்கவும், மக்கி உணவாகவும் இது ஒன்றே போதும்.

6. ஊன்றுகோல்: இருபுறமும் இரு கோல்கள் நட்டு, பழைய பருத்தித் துணியால் தளர்வாகக் கட்டுக. ஓராண்டுக்குப் பின் அவிழ்த்துவிடுக. காற்றில் சற்று அசைந்தால்தான் தண்டு வலுப்பெறும்.

7. வேலி: காட்டெருமைகள் ஊருக்குள் வந்துபோவதை நாம் அறிவோம். அவை உரசினாலே கன்று முறிந்துவிடும். ஆகவே உறுதியான வேலி தேவை. மற்றொன்றும் நினைவிருக்கட்டும்: பூமரத்தின் இலையில் நச்சுப்பொருள் உண்டு. ஆடுமாடு தின்றால் நோயுறும். இமயமலையில் பூவிதழைச் சாறாக்கிப் பருகுவதுண்டு. ஆயினும் மாணவியர் எதையும் வாயிலிட்டுப் பார்க்க வேண்டா.

முதல் மூன்று ஆண்டுகள்

ஆவணி, புரட்டாசி: களையைக் கையால் மட்டும் பிடுங்குக. கொட்டு, மண்வெட்டி அருகே வரக்கூடாது.

ஐப்பசி, கார்த்திகை: வடகிழக்குப் பருவமழைக் காலம். தண்டைச் சுற்றி நீர் தேங்குகிறதா என்று பெருமழைக்குப் பின் சென்று பாருங்கள். தேங்கினால் சரிவின் கீழ்ப்பக்கம் சிறு வாய்க்கால் கீறிவிடுங்கள்.

மார்கழி, தை: மேகமில்லாத, காற்றில்லாத இரவுகளில் உறைபனி விழும். மாலையில் கன்றின் மேல் கோல்களை ஊன்றிச் சாக்கு அல்லது காய்ந்த புல்லால் கூடாரம் போல் மூடுக. சாக்கு இலையைத் தொடலாகாது. வெயில் ஏறியபின் எடுத்துவிடுக.

மாசி முதல் சித்திரை வரை: வறட்சிக் காலம். சருகை விலக்கி விரலை மண்ணில் இரண்டு கணு அளவு நுழைத்துப் பாருங்கள். ஈரமிருந்தால் நீர் வேண்டா. உலர்ந்திருந்தால் வாரம் ஒரு வாளி, மெதுவாக, சுற்றிலும் ஊற்றுக. சேமித்த மழைநீர் மிக நல்லது. ஆழ்துளைக் கிணற்று நீரில் சுண்ணாம்பு இருக்கக்கூடும்.

கிளையை வெட்ட வேண்டியதில்லை. வளர்ந்து பூத்த பின், வாடிய பூக்கொத்தை விரலால் கிள்ளி எடுக்கலாம். அதன் அடியிலேயே அடுத்த துளிர் இருப்பதால் கவனம் தேவை.

பூப்பது யாருக்காக?

அடுத்த மழையில் மீண்டும் மூன்று கன்றுகள் நட்டோம். இம்முறை சரிவில், நான்காவது கன்றுக்குத் துணையாக. நான்கும் இன்று முழங்கால் உயரம் நிற்கின்றன. எப்போது பூக்கும் என்று கேட்கிறார்கள் பிள்ளைகள். விதையிலிருந்து வளர்ந்த பூமரம் பூக்கப் பத்து ஆண்டும் அதற்கு மேலும் ஆகும். குறிஞ்சி கூட 2018 இல் பூத்தது. மீண்டும் 2030 இல் பூக்கும் என்று கணக்குச் சொல்லிவிடலாம். பூமரம் அப்படி நாள் குறித்துத் தருவதில்லை. ஆறாம் வகுப்பில் நட்டவள் பள்ளி இறுதித் தேர்வு எழுதிச் சென்றபின்தான் அது பூக்கும்.

அதனால் ஒரு வழி செய்திருக்கிறோம். கன்றுகளுக்கென ஒரு நோட்டு வைத்தோம். நட்ட நாள், உயரம், இலைகளின் நிறம், பனி விழுந்த இரவுகள், செய்த தவறுகள் எல்லாம் அதில் உள்ளன. ஒவ்வோர் ஆண்டும் இறுதியில் மூத்த வகுப்பு அதை இளைய வகுப்பிடம் ஒப்படைக்கிறது. முதல் பக்கத்தில் பட்டுப்போன மூன்று கன்றுகளின் கதை இருக்கிறது. அதைக் கிழித்துவிடலாமா என்று ஒருவர் கேட்டபோது பிள்ளைகளே வேண்டாம் என்றார்கள்.

நம் மலைக்கு வெளிநாட்டு மரங்கள் பல வந்தன. ஜக்கராந்தா தென் அமெரிக்காவிலிருந்து வந்து நம் சாலைகளை ஊதா நிறமாக்குகிறது. அதனால் தீங்கில்லை. ஆனால் ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்து விறகுக்கும் தோல் பதனிடும் பட்டைக்குமாக நட்ட வாட்டில் மரமும், யூகலிப்டஸும், பைனும் பழைய புல்வெளிகளின் பெரும்பகுதியை மூடிவிட்டன. பூமரத்தின் சொந்த வீடு அந்தப் புல்வெளி ஓரமே. அம்மரங்களை நட்டவர்களும் நல்லெண்ணத்தோடுதான் நட்டார்கள். மண்ணின் இயல்பை அறியாத நல்லெண்ணம் எங்கள் அடுப்புச் சாம்பலைப் போன்றது.

மனிதனை ஏதேன் தோட்டத்தில் பண்படுத்தவும் காக்கவும் கடவுள் வைத்தார் என்று தொடக்க நூல் கூறுகிறது. திருத்தந்தை பிரான்சிஸ் 2015 இல் வெளியிட்ட சுற்றுமடல் இவ்வுலகை நம் அனைவருக்கும் பொதுவான இல்லமாகக் காட்டியது. காப்பது என்றால் என்ன? அத்திமரத்துத் தோட்டக்காரர் கொத்தி எருவிட்டது சரியே. அவர் அத்தியை அறிந்தவர். நாங்கள் அவருடைய கையைப் பின்பற்றினோம். அவருடைய அறிவைப் பின்பற்றவில்லை. பூமரத்துக்கு எது உணவு, எது நஞ்சு என்று கேட்டறிந்து, நம் ஆசையை அடக்கி, அதற்கு வேண்டியதை மட்டும் செய்வதே காப்பது.

பெற்றோருக்கும் ஆசிரியராகிய எங்களுக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. பிள்ளைகளில் சிலர் பூண்டுப் பாத்தி. எரு இட இட வளர்வார்கள். சிலர் பூமரம், நிழலும் சருகும் காலமும் கொடுத்தால் போதும். யார் எது என்று அறிவதே நம் முதல் வேலை.

செய்து பார்க்க

1. உங்கள் தோட்ட மண் ஒரு பங்கு, காய்ச்சி வடித்த நீர் இரண்டு பங்கு கலந்து, அரை மணி நேரம் வைத்து, வடிகட்டி, பி.எச். தாளை நனைத்து அளவைக் குறிக்கவும். இரண்டு வேறு இடங்களின் மண்ணை ஒப்பிடவும்.

2. அடுப்புச் சாம்பலை நீரில் கரைத்து இதே சோதனை செய்க. தாளின் நிறம் என்ன ஆகிறது? பூமரத்துக்குச் சாம்பல் ஏன் ஆகாது என்று மூன்று வரிகளில் எழுதுக.

3. சென்ற மரம் நடு விழாவில் உங்கள் வகுப்பு நட்ட கன்றைத் தேடிக் கண்டுபிடியுங்கள். அது உயிரோடு இருந்தால் உயரத்தை அளந்து எழுதுங்கள். இல்லையென்றால் காரணத்தைக் கண்டறிந்து எழுதுங்கள். இரண்டுக்கும் முழு மதிப்பெண் உண்டு.